அடுத்து யாரு? – இது மூணாவது கேள்வி!



கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவே மாட்டாங்க. ரொம்ப வருஷம் இருந்த மேனேஜர் ஒருத்தர் விலகப் போறார்னா, அந்த நாற்காலியில் அடுத்து யாரை உட்கார வைக்கிறது? ஆளாளுக்கு ஒரு பேர். “இவர்தான் சரி” என்பார் ஒருத்தர். “அட போப்பா, அவருக்கு என்ன தெரியும்?” என்பார் இன்னொருத்தர். சாப்பாட்டு இடைவேளை முடிந்து மணி அடித்தாலும் சண்டை முடியாது.

என் கருத்து இதுதான்: “அடுத்து யாரு?” என்பது மூணாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதல் கேள்வியாகக் கேட்ட கிளப்புகள் எல்லாம் நல்லா மாட்டிக்கிட்டன. அது எப்படி என்று இங்கிலாந்துக் கால்பந்து வரலாற்றிலிருந்தே காட்டுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

மேனேஜர் என்றால் யார்?

கால்பந்து பார்க்காத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் மைதானத்தில் கேப்டன்தான் ராஜா. ஃபீல்டரை நிறுத்துவது, பந்துவீச்சாளரை மாற்றுவது எல்லாம் அவர் வேலை. கால்பந்தில் அப்படி இல்லை. யார் ஆடணும், எப்படி ஆடணும், யாரை நடுவில் மாற்றணும், எல்லாம் மேனேஜர் முடிவு. இங்கிலாந்தில் பழைய வழக்கப்படி யாரை வாங்கலாம், யாரை விற்கலாம், எந்தச் சின்னப் பையனைப் பெரிய அணிக்கு ஏத்தலாம் என்பதிலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருந்தது. ஒரே ஆள் தலைமையாசிரியராகவும், வகுப்பாசிரியராகவும், விளையாட்டு ஆசிரியராகவும் இருந்தால் எப்படி? அந்த மாதிரி.

அப்படிப்பட்ட ஒருத்தர் 20 வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போனால் காலியாவது ஒரு நாற்காலி மட்டுமா? இங்கேதான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

2013: நகலைத் தேடிய கதை

சர் அலெக்ஸ் ஃபெர்குசன். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்கு 1986 நவம்பரில் வந்தார். 2013 மே மாதம் விடைபெற்றார். 1500 ஆட்டங்கள், 38 கோப்பைகள். அதில் லீக் பட்டம் மட்டும் 13, சாம்பியன்ஸ் லீக் 2 (1999, 2008). கடைசி வருஷமும் இரண்டாவது அணியைவிட 11 புள்ளி அதிகம் எடுத்து லீக்கை ஜெயித்துவிட்டுத்தான் போனார்.

அப்போது ரசிகர்களுக்குள் நடந்த விவாதம் இருக்கே! ஒரு கட்சி, “ஏற்கெனவே பெரிய கோப்பைகளை ஜெயித்துக் காட்டியவர் வரணும்” என்றது. ஜோசே மொரின்யோ பேர் அடிபட்டது. இன்னொரு கட்சி, “நமக்குப் பொறுமையானவர் வேணும், இருபது வருஷம் இருக்கிறவர் வேணும், இன்னொரு ஃபெர்குசன் வேணும்” என்றது.

வந்தவர் டேவிட் மோய்ஸ். ஃபெர்குசனே கைகாட்டிய ஆள். அவரும் கிளாஸ்கோ ஊர்க்காரர், இவரும் கிளாஸ்கோ ஊர்க்காரர். எவர்ட்டன் கிளப்பில் 11 வருஷம் நிலைத்து நின்றவர். “பொருத்தம் பார்த்தீங்களா!” என்று எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. ஆறு வருஷ ஒப்பந்தம். “தேர்ந்தெடுக்கப்பட்டவர்” என்று பொருள்படும் பெரிய பதாகையை ரசிகர்கள் தங்கள் மைதானத்திலேயே கட்டினாங்க.

பத்தே மாதம்! 2014 ஏப்ரல் 22 அன்று மோய்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதமே ரசிகர்கள் சிலர் காசு போட்டு, “தப்பான ஆள், வெளியே போ” என்ற அர்த்தத்தில் வாசகம் எழுதிய விமானத்தை மைதானத்துக்கு மேலே பறக்க விட்டிருந்தார்கள். சாம்பியனாக இருந்த அணி அந்த வருஷம் 7வது இடம்.

சரி, மோய்ஸ் ஒரு மண்ணாங்கட்டியா? அப்படிச் சொல்வது எளிது. ஆனால் அன்றைக்கு வேறென்ன நடந்தது என்று பாருங்கள்.

ஒன்று: ஃபெர்குசன் போன அதே 2013இல், அவரோடு சேர்ந்து கிளப்பை நடத்திய தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். மைதானம் தெரிந்தவரும் போனார், அலுவலகம் தெரிந்தவரும் போனார்.

இரண்டு: மைக் ஃபெலன், ரெனே மூலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் என்ற பழைய பயிற்சியாளர்கள் மூணு பேரும் வெளியேற, மோய்ஸ் எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களைக் கூட்டி வந்தார்.

மூன்று: அணிக்கு வயசாகிவிட்டது. அந்த மே மாதக் கணக்குப்படி ஃபெர்டினாண்டுக்கு 34, எவ்ராவுக்கு 32, விடிச்சுக்கு 31, கிக்ஸுக்கு 39. ஸ்கோல்ஸ் ஓய்வே பெற்றுவிட்டார்.

ஆக, வீட்டுக்குத் தூண் நாலு. நாலையும் ஒரே நாளில் உருவிவிட்டு, “கூரை ஏன் இறங்குது?” என்று புதுசாக வந்தவரைக் கேட்டால் அவர் என்ன செய்வார்?

இதற்குப் பிறகு நடந்ததுதான் சாட்சி. வான் கால் வந்தார், மொரின்யோ வந்தார், சோல்ஷேர் வந்தார், டென் ஹாக் வந்தார், அமோரிம் வந்தார். ஜெயித்துக் காட்டியவர், கிளப்பின் பழைய வீரர், வெளிநாட்டு இளைஞர் என்று ரசிகர்கள் கேட்ட எல்லா வகையும் வந்து பார்த்தாகிவிட்டது. 2013க்குப் பிறகு 2025 வரை ஒரு லீக் பட்டம் கூட இல்லை. 2024-25இல் 15வது இடம்! பேர் மாறிக்கொண்டே இருந்தது, நிலைமை மாறவில்லை. அப்படியென்றால் கோளாறு பேரில் மட்டும் இருக்க முடியுமா?

அந்த மோய்ஸ் என்ன ஆனார் தெரியுமா? 2023இல் வெஸ்ட் ஹாம் அணிக்கு யூரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்!

“உள்ளூர் ஆளையே போடுங்க!”

இதைக் கேட்டவுடன் சில நண்பர்கள், “வெளியாளைக் கொண்டு வந்ததுதான் தப்பு. கிளப்பிலேயே வளர்ந்தவரைப் போட்டிருக்கணும்” என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் இதற்கும் வரலாறு இரண்டு பதில் சொல்கிறது.

முதல் பதில், அதே மான்செஸ்டர் யுனைடெட். ஃபெர்குசனுக்கு முன்னால் அந்த கிளப்பின் பெரிய மனிதர் சர் மேட் பஸ்பி. 1945இலிருந்து 1969 வரை இருந்தவர். 1958 மியூனிக் விமான விபத்தில் அணியையே இழந்து, தானும் உயிர் பிழைத்து, பத்தே வருஷத்தில் 1968இல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தவர். அவருக்குப் பிறகு, கிளப்பிலேயே ஆடி வளர்ந்த வில்ஃப் மெக்கின்னஸைப் போட்டார்கள். வயது 31. நேற்று வரை தோளில் கைபோட்டுப் பேசிய நண்பர்களை இன்றைக்கு அவர் அதட்டணும். பஸ்பியும் பொது மேலாளராக அதே கிளப்பில்தான் இருந்தார். வீரர்கள் யார் முகத்தைப் பார்ப்பாங்க? 1970 டிசம்பரில் மெக்கின்னஸை இறக்கிவிட்டு பஸ்பியையே திரும்ப அழைத்தார்கள். அதன் பிறகும் சரியாகவில்லை. 1974இல் அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போனது. ஐரோப்பாவின் சாம்பியன், ஆறே வருஷத்தில்!

இரண்டாவது பதில், லிவர்பூல். 1959இலிருந்து இருந்த பில் ஷாங்க்லி 1974 ஜூலையில் திடீரென்று விலகுவதாகச் சொன்னார். ஊரே அழுதது. அடுத்து யார்? அவருக்கு உதவியாளராக இருந்த பாப் பெய்ஸ்லி. சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். அவருக்கே அந்தப் பதவியில் பெரிய ஆசை இல்லை. ஒன்பது வருஷத்தில் ஆறு லீக் பட்டம், மூணு ஐரோப்பியக் கோப்பை (1977, 1978, 1981). ஷாங்க்லியையே மிஞ்சிவிட்டார்!

இரண்டு பேருமே உள்ளூர் ஆள்தான். ஒருத்தர் விழுந்தார், ஒருத்தர் எழுந்தார். என்ன வித்தியாசம்?

லிவர்பூலில் “பூட் ரூம்” என்று ஒரு சின்ன அறை இருந்தது. வீரர்களின் பூட்ஸ் வைக்கிற அறை. அங்கேதான் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரானி மோரன் மாதிரி பயிற்சியாளர்கள் ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். எந்த வீரருக்கு என்ன கோளாறு, எங்கே தப்பு நடந்தது என்பதெல்லாம் அங்கே அலசப்படும். கிளப்பின் அறிவு ஒரே மண்டைக்குள் அடைந்து கிடக்கவில்லை, அந்த அறையில் பங்கு போட்டு இருந்தது. ஷாங்க்லி போனார், அறை அப்படியே இருந்தது. பெய்ஸ்லிக்குப் பிறகு 1983இல் ஃபேகன் வந்தார். அடுத்த வருஷமே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும்!

இன்னொன்றும் சொல்லணும். ஷாங்க்லி விலகிய பிறகும் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார். வீரர்கள் பழக்க தோஷத்தில் அவரையே “பாஸ்” என்று கூப்பிட்டார்கள். பெய்ஸ்லிக்குச் சங்கடம். கடைசியில் ஷாங்க்லி வருவது நின்றது, அவர் மனசும் நொந்தது. படிக்கும்போது நமக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு உறைக்குள் இரண்டு கத்தி இருக்க முடியாது இல்லையா?

இரண்டு விமானங்கள்

அர்செனல் கதை இன்னொரு விதம். ஆர்சென் வெங்கர் 1996இலிருந்து 2018 வரை. மூணு லீக் பட்டம், ஏழு எஃப்.ஏ. கோப்பை. 2003-04இல் லீக்கில் ஒரு ஆட்டம் கூடத் தோற்காத அணி. பிறகு லீக் பட்டம் வரவே இல்லை. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம் மைதானத்தில் நடந்த ஆட்டத்தின்போது “வெங்கர் வெளியேறு” என்று ஒரு விமானம் பறந்தது. அதே நாளில் “வெங்கரை நம்புகிறோம்” என்று இன்னொரு விமானம்! ஒரே கிளப்பின் ரசிகர்கள் வானத்தில் கூட சண்டை போட்டார்கள்.

2018இல் உனாய் எமெரி வந்தார். அவரைத் தேர்ந்தெடுத்த தலைமை நிர்வாகி ஐவன் கஸீடிஸ் அதே வருஷம் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். தாலி கட்டிய கையோடு மாமனார் ஊரைவிட்டே போன மாதிரி! 2019 நவம்பரில் எமெரியும் அவுட். பிறகு அவர் 2021இல் வில்லாரியலுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்தார். ஆஸ்டன் வில்லாவை 2023-24இல் நாலாவது இடத்துக்கு ஏற்றி, சாம்பியன்ஸ் லீக்கில் ஆட வைத்தார். மோய்ஸ் கதையேதான்! ஓரிடத்தில் “உதவாது” என்று தள்ளின கை இன்னோரிடத்தில் கோப்பை தூக்குகிறது.

எமெரிக்குப் பின் வந்த மிக்கெல் ஆர்டெட்டா முதல் இரண்டு வருஷமும் 8வது இடம்தான் பிடித்தார். கிளப் அவரை விரட்டவில்லை. வயதான வீரர்களை விலக்கி, இளம் வீரர்களை வளர்க்கும் அவர் திட்டத்தோடு நின்றது. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் லீக்கில் இரண்டாம் இடம். “இரண்டாம் இடம் ஒரு பெருமையா?” என்று கேட்பவர்கள் 8வது இடத்தை நினைத்துப் பார்க்கவும்.

2024: முன்கூட்டியே யோசித்தவர்கள்

2024 ஜனவரியில் லிவர்பூல் மேனேஜர் யூர்கன் கிளாப், அந்தப் பருவம் முடிந்ததும் விலகுவதாக அறிவித்தார். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் 30 வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம் கொண்டு வந்தவர். மறுபடியும் அதே விவாதம். பெரும்பாலான ரசிகர்கள் கேட்ட பேர் ஷாபி அலோன்சோ. கிளப்பின் பழைய நட்சத்திரம் ஆச்சே! ஆனால் அவர், தான் இருந்த லெவர்குசனிலேயே இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

கிளப் என்ன செய்தது? பேருக்கு முன்னால் வேலையைப் பிரித்தது. வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கைதேர்ந்த மைக்கேல் எட்வர்ட்ஸை மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டு இயக்குநராக அமர்த்தினார்கள். அதன் பிறகுதான் நெதர்லாந்தின் ஃபெய்னூர்ட் கிளப்பிலிருந்து ஆர்னே ஸ்லாட். அவர் பதவியின் பேரே “தலைமைப் பயிற்சியாளர்”. அணியை ஆட வைப்பது அவர் வேலை, வாங்கல் விற்றலுக்கு வேறு ஆட்கள். கிளாப் மாதிரி கத்தி ஆர்ப்பரிக்கிறவரும் இல்லை. கிளாப்போ தன் கடைசி நாளில் மைதானத்தில் நின்று, தனக்குப் பின் வரப்போகும் ஸ்லாட் பேரைத் தானே பாடி ரசிகர்களையும் பாட வைத்துவிட்டுப் போனார். என்ன பெரிய மனசு!

2025 ஏப்ரலில் லிவர்பூல் லீக் சாம்பியன்.

உடனே, “ஆக, ஸ்லாட் மந்திரவாதி!” என்று எழுதிவிட முடியாது. அந்தக் கோடையில் கிளப் புது வீரர்களுக்குப் பெரும்பணம் கொட்டியது. ஜூலையில் டியோகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்து அணியே நிலைகுலைந்தது. நவம்பருக்குள் 12 ஆட்டங்களில் 9 தோல்வி. நேற்றுப் பாட்டுப் பாடியவர்களில் சிலர் “அடுத்து யாரு?” என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடும் எல்லாப் புயலையும் தாங்காது என்பது உண்மை. ஆனால் புதிதாக வருகிறவர் கால் ஊன்ற ஒரு தரை வேண்டும். அந்தத் தரையை ஏற்பாடு தருகிறது.

ரசிகன் என்ன கேட்கணும்?

ரசிகனுக்கு இதில் பேச உரிமை இல்லையா என்று கேட்காதீர்கள். நிச்சயம் உண்டு. டிக்கெட் வாங்குவது அவன், மழையில் நனைவது அவன், தோற்றால் அன்று இரவு சாப்பிடாமல் படுப்பதும் அவன்தான். மேனேஜர் போவார், வீரர் போவார், ரசிகன் எங்கே போவான்? அதனால்தான் சரியான கேள்வியை அவன் கேட்கணும் என்கிறேன்.

முதல் கேள்வி: போகிறவர் தோளில் என்னென்ன சுமை இருந்தது?

இரண்டாவது: அதை இனி யார் யார் பிரித்துச் சுமக்கப் போறாங்க?

மூன்றாவது: மிச்சமுள்ள சுமைக்கு ஏத்த ஆள் யாரு?

முதல் இரண்டுக்கும் நிர்வாகம் பதில் சொல்லட்டும். சொல்லாமல் ஒரு பெரிய பேரை மட்டும் நம் முன்னால் நீட்டினால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக ஒன்று. “மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி” என்பாங்க. பழைய மேனேஜர் தோற்றால் “பரவாயில்லை, அடுத்த ஆட்டம் பார்த்துக்கலாம்.” புதியவர் தோற்றால் “விரட்டு!” இதுவா நியாயம்? ஃபெர்குசன் கூட முதல் நாளே ஃபெர்குசன் இல்லை. அவர் வந்து மூணு வருஷமாகியும் லீக் பட்டம் இல்லை. 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லி அவர் ரசிகரே மைதானத்தில் துணியில் எழுதிப் பிடித்தார். அந்தப் பருவம் 13வது இடம். ஆனால் 1990 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. முதல் லீக் பட்டம் 1993இல்தான், வந்து ஆறரை வருஷம் கழித்து! அந்த டிசம்பரிலேயே அனுப்பியிருந்தால், இன்றைக்கு நாம் “ஃபெர்குசனா? யாரது?” என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

“அப்போ மோய்ஸுக்கும் ஆறரை வருஷம் கொடுத்திருக்கணுமா?” என்று மடக்குவீர்கள். தெரியும்! திட்டம் இல்லாத இடத்தில் பொறுமை காட்டினால் அது வெறும் காத்திருப்பு. ஆர்டெட்டாவுக்குக் கிடைத்தது திட்டத்தோடு கூடிய பொறுமை. மோய்ஸுக்கு அந்த இரண்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

எனவே நண்பர்களே, அடுத்த முறை ஏதாவது ஒரு கிளப்பில் பெரியவர் ஒருவர் விடைபெறும்போது விவாதம் செய்யுங்கள், சத்தமாகவே செய்யுங்கள். ஆனால் பேரில் ஆரம்பிக்காதீர்கள். சுமையில் ஆரம்பியுங்கள். புதிதாக வருகிறவர் பழையவர் மாதிரி இல்லையே என்று முதல் மாதமே மூஞ்சியைத் தூக்காதீர்கள். அவர் அவராகவே இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த தாளுக்கு எழுதிக் கொடுக்கவும். “இந்தச் சுவர் எல்லாருக்கும் பொது” என்று நம் ஆசிரியர் குழு சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: பதிலை வெள்ளைத் தாளில் எழுதுங்கள். இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதாதீர்கள்!



– ஒரு கால்பந்து ரசிகன்,
பதினோராம் வகுப்பு